மூன்று நேரத்து எண்ணெய்

நடுநாயகமாக அமர்ந்திருக்கும் சங்கத் தலைவரே, நேந்திர வாழைக்குலையின் நிறத்தைப் பார்த்தே அது விளைந்த நிலத்தின் பெயர் சொல்லும் நண்பர் வேதமாணிக்கம் அவர்களே. வலப்புறம் வரிசையாய் வீற்றிருக்கும் வணிகப் பெருமக்களே. குலை சுமந்து சுமந்து தோள் தழும்பேறிய தோழர்களே. காய் சீவிச் சீவி விரல் கறுத்துப்போன தாய்மார்களே. பாறசாலையிலிருந்தும் களியக்காவிளையிலிருந்தும் முதல் பஸ் பிடித்து வந்த சகோதரிகளே. லாரியில் பெட்டி ஏற்றிவிட்டு, உள்ளே வரலாமா வேண்டாமா என்று வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருக்கும் ஓட்டுநர் தம்பியே, உள்ளே வாரும், லாரி உம்மை விட்டு எங்கும் போகாது. எல்லாருக்கும், திருவனந்தபுரத்துச் சாலைக் கம்போளச் சந்தையில் ஐம்பத்தொன்பது வருடமாய்ச் சட்டிக்கு முன்னால் நிற்கிற வேலப்பனின் வணக்கம். நிற்பவர்களுக்கு ஒன்று, அமர்ந்தவர்களுக்கு ஒன்று, அமர இடமில்லாதவர்களுக்கு இரண்டு.

வாழ்த்திப் பேச எனக்கு ஐந்து நிமிடம் தந்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காதவனுக்கு மேடையில் என்ன பேச்சு வரும் என்று சிலர் நினைக்கலாம். புத்தரிக்கண்டம் மைதானத்துக்கு அடுத்தாற்போல் என் சட்டி. அங்கே நடந்த கூட்டம் எத்தனை, முழங்கிய குரல் எத்தனை, அத்தனையும் என் எண்ணெய் இரைச்சலையும் தாண்டி என் காதில் விழுந்தவை. விழுந்தது எதுவும் வெளியே போனதில்லை. ஆகவே ஐந்து நிமிடத்தில் முடிப்பவர்கள் யாரும் எனக்குக் குருவாக வாய்க்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என்ன தம்பி? ‘சிப்ஸ் எப்போ வரும்’ என்று கேட்கிறீரா? வரும். தட்டு உள்ளே அடுக்கியாகிவிட்டது. காதுக்கு முதலில், வாய்க்குப் பிறகு.

அன்பர்களே, இன்று எப்பேர்ப்பட்ட நாள். எங்கே பாறசாலை, எங்கே பர்மிங்காம்? எங்கே நெய்யாற்றின் கரை, எங்கே தேம்ஸ் நதியின் கரை? இந்தியாவும் பிரிட்டனும் வாணிப ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டன. நம் சட்டியில் சலசலத்த காய், கடல் கடந்து, கண்ணாடிக் கடையில், கறுப்புக் கோட்டுப் போட்டவர் கையில் கரகரக்கப் போகிறது. என் நெஞ்சு உப்புத் தண்ணீர் விட்ட எண்ணெய் மாதிரி இரைகிறது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: காய் பாதி வெந்ததும் மஞ்சள் கலந்த உப்புத் தண்ணீரைக் கொதிக்கிற எண்ணெயில் விடுவோம். சட்டி ஓவென்று கத்தும். கத்தி அடங்கினால்தான் காய்க்குள் உப்புப் பிடித்தது என்று பொருள். என் நெஞ்சும் இப்போது கத்துகிறது. அது அடங்குவதற்குள் எனக்குள் இருப்பதைச் சொல்லிவிட வேண்டும்.

ஏனென்றால் இந்த வாழ்த்துரை முடிந்ததும் சங்கத்தின் இரண்டாம் தீர்மானம் வரப்போகிறது. அது என்ன தீர்மானம் என்று எல்லாருக்கும் தெரியும். கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில், நீலச் சேலையில் அமர்ந்திருக்கும் ரோஸ், அவளுடைய பொட்டலக் கூடம், அதில் வேலை செய்கிற இருபத்தேழு பெண்கள். இவர்களைச் சங்கத்தின் ஏற்றுமதியிலிருந்து விலக்குவது. காரணம், போன மாசியில் அந்தக் கூடத்தின் முத்திரையோடு லண்டன் போன இருநூற்று நாற்பது பெட்டியை, அங்கே சோதித்துப் பார்த்து, தின்னத் தகாதது என்று அழித்துவிட்டார்கள்.

தலைவர் ஒரு துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். எனக்கு வாசிக்கத் தெரியாது என்பது தலைவருக்கும் தெரியும். ஆகவே இது எனக்கு வந்த சீட்டு அல்ல என்று முடிவு செய்து, மடித்துப் பையில் வைக்கிறேன்.

நான் கொஞ்சம் பின்னால் போகிறேன். இரண்டாயிரத்து இருபது, பிப்ரவரி ஒன்று, சனிக்கிழமை. கிழக்கேகோட்டை தேநீர்க் கடை. நம் சங்க அலுவலகத்தில் ஏற்றுமதிக் காகிதமெல்லாம் பார்க்கிற தம்பி அஜீஷ்தான் தினமும் எனக்குப் பத்திரிகை வாசித்துச் சொல்வார். அன்றைக்குச் சொன்னார்:

“மாமா, பிரிட்டன் ஐரோப்பியக் கூட்டமைப்ப விட்டுப் போயாச்சு.”

“எங்க போச்சு? கடல்ல வேற எடம் கெடக்கா?”

“எடம் அங்கதான் மாமா. சட்டம் மட்டும் இனி தனி.”

“அப்போ ஒரே வீட்டுல தனி அடுப்பு வெச்சது மாதிரி.”

“அது தன்னே. மாமாவுக்கு ஒண்ணும் வாசிச்சுக் கொடுக்கவே வேண்டாம்.”

தனி அடுப்பு வைத்தவனுக்கு முதல் நாள் கொண்டாட்டம். இரண்டாம் நாள் திண்டாட்டம். முன்பு அரிசியில் கல் இருக்கிறதா, பருப்பில் பூச்சி இருக்கிறதா என்று பார்க்கக் கூட்டு அடுக்களையில் பல கண்கள் இருந்தன. இனி யார் கண்? இனி யார் அளவு? புது உறவு தேடிப் போகிற அவசரத்தில், ‘நீ எதைக் கொடுத்தாலும் தின்கிறேன்’ என்று சொல்லிவிடுவானோ? அந்த ஊர்த் தாய்மார்களுக்கு இந்தப் பயம் வந்தது. கடல் தாண்டி வருகிற கறியில் என்ன மருந்து, காயில் என்ன விஷம், ஒப்பந்தம் ஒவ்வொன்றிலும் எங்கள் பிள்ளைகளின் தட்டு தாழ்ந்துகொண்டே போகுமோ என்று கேட்டார்கள். கேட்டது தப்பா? தட்டைப் பற்றிக் கேட்காத தாய் எந்த ஊரில் இருக்கிறாள்?

நானோ அன்றைக்குச் சிரித்தேன். ‘நம்ம சிப்ஸுக்கு என்ன? அது தங்கம்’ என்றேன். என் சிரிப்புக்கு விலை வேறொருத்தி கொடுத்தாள்.

இனி நம் வேலையைப் பற்றிச் சொல்கிறேன். நமக்குள்ளேதானே, மறைக்க என்ன இருக்கிறது? நம் சட்டியில் ஒரு நாளைக்கு மூன்று எண்ணெய் உண்டு. விடியற்காலையில் ஊற்றுகிற புது எண்ணெய், காலை எண்ணெய். அதில் வறுத்தது விமானம் ஏறும். அதே எண்ணெய் உச்சி வேளையில் மத்தியான எண்ணெய். அதில் வறுத்தது கழக்கூட்டத்துப் பேக்கரிகளுக்குப் போகும். கம்ப்யூட்டர் பிள்ளைகள் இரவு வேலைக்கு நடுவே கொறிப்பார்கள். அதே எண்ணெய் கறுத்து, கனத்து, நுரை தள்ளும்போது சாயங்கால எண்ணெய். அதில் வறுத்தது மலையேறும். போனக்காடு தேயிலைத் தோட்டத்துக்கும் அதற்கப்பால் உள்ள பெட்டிக் கடைகளுக்கும் போகும்.

இந்த முறையை யார் எழுதி வைத்தார்? எந்தச் சட்டத்தில் இருக்கிறது? எந்த மந்திரி கையெழுத்துப் போட்டார்? யாரும் இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இப்படித்தான். மூன்று முதலாளி மாறினார்கள், விறகு போய் கேஸ் வந்தது, ஓலைப் பெட்டி போய் டின் வந்தது, மூன்று எண்ணெய் மட்டும் மாறவில்லை. நாமும் அதைத் தப்பு என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. அதுதான் நம் தப்பு.

போன மாசியில், சிவராத்திரிக்கு மூன்று நாள் முன்பு, லண்டனிலிருந்து ஒரு கட்டு ஸ்டிக்கர் வந்தது. அனுப்பியவர் அஜிதா. மார்த்தாண்டத்துப் பெண்; லண்டனில் கடை வைத்திருக்கிறார். நம்மிடம் பதினொரு வருடமாய் வாங்குகிறார். பொட்டலம் ஒவ்வொன்றிலும் ஒட்ட வேண்டும் என்று உத்தரவு. நான் அஜீஷைக் கேட்டேன்:

“இதுல என்னடே எழுதியிருக்கு?”

“ஐரோப்பியக் கூட்டமைப்புக்கு உள்ளது இல்லன்னு மாமா. அத்ரயே உள்ளூ, அவ்வளவுதான்.”

இத்தனை வருடமாக ‘இது அவங்களுக்கு இல்லை’ என்று ஒரு டின்னைத் தள்ளி வைத்தால் எனக்கு ஒரே பொருள்தான். கழக்கூட்டத்துக்கு இல்லை என்றால் அது மலைக்கு. மலைக்கு மேலே போக இடமில்லை. ஆக, ஐரோப்பாவுக்கு இல்லை என்று ஒட்டச் சொல்கிறார்கள் என்றால், அது தரம் குறைந்த வரிசை. பிரிட்டன் தனி அடுப்பு வைத்ததால் இனி எது போனாலும் போதும் போலிருக்கிறது. இப்படி ஒரு நொடியில் என் புத்தி கணக்குப் போட்டது. காலை டின்னைத் தொடவில்லை. சாயங்கால டின்னை எடுத்து ரோஸின் கூடத்துக்கு அனுப்பினேன்.

ஆமாம். நான்தான் அனுப்பினேன்.

சத்தம் போடாதீர்கள், முழுவதும் கேளுங்கள். டின் போன கையோடு ரோஸ் ஓடி வந்தாள்.

“மாமா, இது சாயங்கால டின்னுல்லா? மணம் மாறிக் கெடக்கே.”

“ஒட்டு பிள்ளே. இது ஐரோப்பாவுக்குப் போறதில்ல. காலைல உள்ளத எதுக்கு வெறுதே அனுப்பணும்?”

“லண்டன் பெட்டியாக்கும் மாமா. அஜிதா அக்காட்ட ஒரு வாக்கு கேட்டுட்டு ஒட்டுலாமே.”

“உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா? நீ பிறக்கதுக்கு முன்னால நான் சட்டி பிடிச்சவன். போயி ஒட்டு.”

அவள் ஒட்டினாள். மூத்தவன் சொன்னான் என்று ஒட்டினாள்.

அந்த ஸ்டிக்கருக்கு உண்மையான பொருள் என்ன தெரியுமா? பிற்பாடு அஜிதா விளக்கினார். பிரிட்டனுக்குச் சொந்தமான வட அயர்லாந்து ஒரு துண்டு நிலம். அதற்கு அடுத்த வீடு, தனி நாடான மற்ற அயர்லாந்து, கூட்டமைப்பிலேயே இருக்கிறது. நடுவில் வேலி இல்லை. இந்தத் துண்டின் கடைக்குப் போகிற பொட்டலம் அடுத்த வீட்டுக்குள் நுழைந்துவிடக் கூடாது. அதற்கான அடையாளம் அது. அவ்வளவுதான். கரமனைப் பாலத்தில் நின்று பாருங்கள். ‘பாப்பனங்கோடு வரை’ என்று போர்டு போட்ட பஸ் வரும். அது நெய்யாற்றின்கரை போகாது. போகாது என்பதால் அந்தப் பஸ்ஸுக்கு பிரேக் வேண்டாமா?

பங்குனி பதினெட்டாம் தேதி, சங்கத் தலைவருக்கு அஜிதாவின் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார்கள், நான் பக்கத்தில் நின்றேன். அந்தப் பெண் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

“இங்க ஜனங்க ஏற்கெனவே பயந்து கெடக்காங்க அண்ணாச்சி. பிரிஞ்சு வந்த பொறவு கண்டதையும் உள்ள விட்டிருவாங்கன்னு. நான் கடையில நின்னு ஒவ்வொருத்தர்ட்டயும், இல்ல, இது எனக்க ஊரு சாதனம், எங்க பண்டம், நம்பித் தின்னுங்கன்னு சொல்லுவேன். இப்போ நான் என்ன சொல்லட்டும்?”

என்ன சொல்வது? நீங்கள் சொல்லுங்கள், என்ன சொல்வது?

சங்கம் விசாரணை வைத்தது. இதே மண்டபம். முதல் வரிசையில் நான் உட்கார்ந்திருந்தேன். ‘யார் செய்தது?’ என்று தலைவர் கேட்டார். ரோஸ் எழுந்து நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. “ஒட்டினது எனக்க கைதான்” என்றாள். அவ்வளவுதான்.

யார் அது, பின்னாலிருந்து? ‘அன்னைக்கு உமக்க வாயில என்ன ஓய் கெடந்தது’ என்று கேட்கிறீர். நியாயமான கேள்வி. பயம் கிடந்தது. சட்டியை விட்டால் நான் யார் என்கிற பயம். எழுபத்துநாலு வயதில் கையிலிருந்து கரண்டியை வாங்கிவிட்டால் இந்தக் கம்போளத்தில் எனக்கு நிற்க எது இடம் என்கிற பயம். இருபத்தேழு பேரின் பிழைப்பை விடவும் அது எனக்குப் பெரிதாக இருந்தது. ஒரு பொட்டலத்தைக் கையில் எடுத்தாலே எந்தச் சட்டியில் எந்த நேரத்தில் வறுத்தது என்று சொல்கிறவன், அன்றைக்கு ஒன்றும் நினைவில்லாதவன் போல் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் எப்படி வாய் திறந்தது? போன வாரம் போனக்காட்டில் என் தங்கை பேத்திக்குக் கல்யாணம். மலையேறிப் போனேன். தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், உலகம்மை என்று ஒரு பெண், கொழுந்து கிள்ளுகிறவள். விருந்தாளிக்கு என்று ஒரு பொட்டலத்தைப் பிரித்துத் தட்டில் கொட்டினாள். மணத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. என் சட்டி. என் சாயங்கால எண்ணெய்.

“தின்னுங்க அண்ணாச்சி. சாலையில உள்ள சிப்ஸாக்கும். திருவனந்தபுரத்துச் சாதனம்.”

தின்றேன்.

“நல்லாயிருக்கா?” என்றாள்.

“கொஞ்சம் கனம்,” என்றேன்.

அவள் சிரித்தாள். “சிப்ஸுன்னா நெஞ்சு எரியத்தானே செய்யும் அண்ணாச்சி? தின்னுட்டு ரெண்டு மடக்கு சோடா குடிச்சாச் செரியாயிரும். பிள்ளேளுக்கு அதும் பழகிப் போச்சு.”

கேட்டீர்களா தாய்மார்களே? சிப்ஸ் என்றால் நெஞ்சு எரியும் என்று அந்தப் பெண் நம்பிக்கொண்டிருக்கிறாள். எரியாத சிப்ஸ் ஒன்று உண்டு என்பதே அவளுக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டது யார்? இந்தக் கை.

லண்டனில் ஒருத்தி, தன் தட்டு தாழுமோ என்று தன் அரசாங்கத்தைக் கேட்கிறாள். அவளுக்காகச் சோதிக்க ஒரு கூடம் இருக்கிறது, நிறுத்த ஒரு சட்டம் இருக்கிறது, அழிக்க ஒரு அதிகாரி இருக்கிறார். நம் பெட்டியை அழித்தார்களே என்று நாம் அழுதோம். போனக்காட்டுக்குப் போன பெட்டியை அழிக்க யார் வந்தார்? எத்தனை வருடம், எத்தனை டின், எத்தனை குழந்தை? அங்கே ஒரே ஒரு முறை அனுப்பியது குற்றம் என்றால், இங்கே ஒவ்வொரு நாளும் அனுப்பியது என்ன? அவர்கள் வயிறு வயிறு, நம் வயிறு அடுப்படிச் சாம்பல் தொட்டியா? நாம் நம் பிள்ளைகளுக்கு அளக்காத நாழியை, அந்நியன் வந்து அளந்து காட்ட வேண்டுமா?

அஜீஷுக்கு வாசிக்கத் தெரியும். ஏற்றுமதி மேலாளருக்குத் தெரியும். டின்னை ஏற்றிய நால்வருக்கும் தெரியும். வாசிக்கத் தெரிந்தவர்கள் ஒருவருக்கும் அன்றைக்குச் சந்தேகம் வரவில்லையே, ஏன்? ‘உனக்கு இல்லை’ என்றால் ‘மட்டம்’ என்று நம் எல்லார் மண்டையிலும் எழுதியாகிவிட்டது. அந்த எழுத்தை வாசிக்க எனக்கே பள்ளிக்கூடம் தேவைப்படவில்லை. சந்தேகப்பட்டது ஒரே ஒருத்தி. அவளைத்தான் வெளியே அனுப்பப் போகிறோம்.

ஒருவர் கேட்கிறார், தேங்காயெண்ணெய் விற்கிற விலைக்கு மூன்று வேளையும் புதிது ஊற்ற முடியுமா என்று. முடியாது. யார் ஊற்றச் சொன்னது? காலையில் வறு, உச்சியில் நிறுத்து. மிச்ச எண்ணெய் சோப்புக்காரருக்குப் போகட்டும். பொட்டலத்தில் ஒரு கைப்பிடி குறைகிறதா, குறையட்டும். நூறு கிராம் எழுபது கிராம் ஆகட்டும். அந்த எழுபதும் யார் தின்றாலும் ஒன்றாக இருக்கட்டும். பிரிட்டன் ஒரே நாட்டில் இரண்டு அடுப்பு வைத்துக்கொள்ளட்டும், நமக்கென்ன? நம் சட்டியில் ஒரே எண்ணெய் போதும்.

இதோ, தலைவரிடமிருந்து இரண்டாவது சீட்டு. இதுவும் எனக்கு இல்லை. ஆனால் தலைவரே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் முன்னால் இரண்டாம் தீர்மானம் எழுதிய தாள் இருக்கிறது. அதில் ஒரு பெயர் இருக்கிறது. அதை அடித்துவிட்டு என் பெயரை எழுதுங்கள். எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் என் பெயர் எழுதினால் எப்படி இருக்கும் என்று தெரியும். ரேஷன் கார்டில் பார்த்திருக்கிறேன். எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நிற்பேன்.

தலைவர் என்ன சொல்கிறார்? மைக் இல்லாததால் உங்களுக்குக் கேட்கவில்லை. “பொதுக்குழு சொல்லாம நான் எப்படி ஓய் அடிக்கது” என்கிறார். சரியான பேச்சு. சபையே, அவருக்குச் சொல்லுங்கள். ரோஸின் பெயரை அடிக்கலாம் என்பவர்கள் கை தூக்குங்கள்.

சீவுகிற தாய்மார்களின் கறுத்த கைகள் முதலில் எழுகின்றன. சுமைக்காரர்கள். பாறசாலைச் சகோதரிகள். ஓட்டுநர் தம்பி, நீர் சங்க உறுப்பினர் இல்லை, இருந்தாலும் தூக்கும், பார்க்க நன்றாயிருக்கிறது. வணிகப் பெருமக்களே, உங்கள் கைகள் மடியிலேயே இருக்கின்றன. அவசரமில்லை. அஜீஷ் தூக்கிவிட்டார். ஏற்றுமதி மேலாளர்... அவரும். இதோ வணிகர்களின் முதல் வரிசை. ஒன்று. இரண்டு. ஆறு.

தலைவர் பேனாவைத் திறந்துவிட்டார். அடித்துவிட்டார். நானே பார்த்தேன், குறுக்கே ஒரு கோடு.

என் பெயரை எழுதவில்லை. “காலைல சட்டிக்கு யாரு நிப்பா” என்று கேட்கிறார். தலைவரே, தாளில் பெயர் எழுதும் அந்த இடம் காலியாகவே இருக்கட்டும். இனி என்றைக்காவது இந்தக் கம்போளத்தில் சாயங்கால எண்ணெய் கொதித்தால், அன்றைக்கு யாரையும் கேட்காமல் என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

ரோஸ், அங்கேயே தூணைப் பிடித்துக்கொண்டு நிற்காதே பிள்ளே. முன்னால் வா. லாரிக் கதவில் முத்திரை வைக்க வேண்டியது உன் கைதான். இம்முறை மணம் பார்த்துவிட்டு வை. நான் என்ன சொன்னாலும் கேட்காதே.

பொறுமையாய்க் கேட்டவர்களுக்கும், பொறுமை போன பின்னும் கேட்டவர்களுக்கும், சீட்டு எழுதி எழுதிக் கை சலித்த தலைவருக்கும் என் நன்றி. இதோ தட்டுகள் வருகின்றன. உங்கள் கையில் இருப்பதும் வெளியே லாரியில் இருப்பதும் இன்று விடியற்காலையில் ஒரே எண்ணெயில் வறுத்தவை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: முதல் டின் லாரியில் இல்லை. அதைக் காலை பஸ்ஸில் போனக்காட்டுக்கு ஏற்றிவிட்டேன். இந்நேரம் உலகம்மை பிரித்திருப்பாள். நெஞ்சு எரியவில்லையே, இது என்ன சிப்ஸ் என்று பக்கத்து லயத்தில் கேட்டுக்கொண்டிருப்பாள்.

அவளுக்கும் உங்களுக்கும் சேர்த்து ஒரே வணக்கம்.